மூன்றாம் தகடு

உப்புக்காரர் எங்கே என்று அந்தத் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சோதனைக்கூடத்தின் பின்பக்கத்து அறையைக் கை காட்டுவார்கள். அவர் உப்பு விற்கிறவர் இல்லை, உப்பால் இரும்பை வதைக்கிறவர். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி, அதற்குக் கண்ணாடி மூடி. உள்ளே உப்புத்தண்ணீர் புகை மாதிரி ஓயாமல் பெய்துகொண்டே இருக்கும். பூச்சு அடித்த இரும்புத் தகடுகளை அதற்குள் சாய்த்து வைத்து, எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது, எதில் எப்போது துரு எட்டிப் பார்க்கிறது என்று எழுதுவதுதான் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே பெட்டி, அதே நாற்காலி. நாற்காலியின் கால்கள் துருப்பிடித்திருந்தன. அதைக் காட்டி யாராவது கேலி செய்தால், "வைத்தியர் வீட்டுல நோயாளி இருக்கக் கூடாதா?" என்பார்.

துரு பார்த்தே பழகிய கண். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், வாசலில் நின்று அவர்கள் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டின் கீலைப் பார்த்துவிடுவார். "இன்னும் ரெண்டு மழை தாங்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் வரவரக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. தகட்டை ஓரத்தில் இரண்டு விரலால்தான் பிடிப்பார், ஈரம் காயாத புகைப்படத்தைத் தூக்குகிற மாதிரி. விரல் ரேகை பட்ட இடத்தில் துரு முந்திக்கொள்ளும் என்பது அவர் வேதம். ஆயிரக்கணக்கான தகடுகள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் மனைவி அதே தொழிற்சாலையில் ஸ்ப்ரே அடிக்கிறவள். ஸ்ப்ரே அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஏணி, கைப்பிடிக் கம்பி, குழாய்த் தாங்கி என்று வெளியே போகிற இரும்புச் சாமான் அத்தனையும் அவள் கை பட்டுத்தான் போகும். சோதனைத் தகடுகளுக்கும் அவள்தான் பூச்சு அடிப்பாள். வாராவாரம் தகடு வாங்கப் போய்ப் போய்த்தான் கல்யாணம் வரை வந்தது. தகடு வாங்கப் போனவன் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று அப்போது பேச்சு. ஸ்ப்ரே கன்னைப் பிடித்து அவள் ஒரு இழுப்பு இழுத்தால் ஓரத்தில் வழியாது, நடுவில் திட்டு விழாது. தன் வேலையில் இருந்த பெருமையைவிட அவருக்கு அவள் வேலையில் இருந்த பெருமை அதிகம்.

அந்த நாளில் இரும்புக்கு அடிக்கிற அடிப்பூச்சு மஞ்சள் நிறம். குரோமியம் கலந்தது. துருவுக்கு அதுதான் எமன். பெட்டிக்குள் இரண்டாயிரம் மணி நேரம் போட்டாலும் அசையாது. ஆனால் அந்த எமனுக்கு இரும்பு வேறு, மனுஷன் வேறு என்று பார்க்கத் தெரியாது. அடிக்கிறவர்களுக்கு மூக்குத் தண்டு புண்ணாகும், நெஞ்சு கமறும். கழுவிவிட்ட தண்ணீர் போகிற வாய்க்காலில் புல்கூட முளைக்காது. முகமூடி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அந்த வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்பது என்னவென்று கொடுத்தவர்களுக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வரும். "சூடு" என்று சொல்லிப் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். சூடு இல்லை என்று அவருக்குத் தெரியும். வருடா வருடம் அந்த மஞ்சளுக்கு 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தானே. தலையணை உறையில் கறை இருந்தால் அவள் எழுவதற்கு முன் எடுத்து ஊறப்போட்டுவிடுவார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா வேலைக்கு வந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சுகளைப் பற்றிப் படித்து வாங்கிய பட்டம். அதைப் புரிந்துகொள்ளாத வாட்ச்மேன் கடைசிவரை அவளிடம் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். தாவர மெழுகும் உமிச் சாம்பலிலிருந்து எடுத்த தூளும் தண்ணீரில் கலந்து, விஷமே இல்லாத ஒரு பூச்சு செய்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். தண்ணீர் ஒட்டினால்தானே துரு வரும், ஒட்டவே விடாவிட்டால்? ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக் கலவை கொண்டுவருவாள். உப்புக்காரர் பெட்டிக்குள் வைப்பார். பத்து நாளில் பல்லைக் காட்டிவிடும். "போச்சு, மேடம்" என்பார். "எங்க போச்சுன்னு காட்டுங்கண்ணா" என்று நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். பதினாறு கலவை அப்படிப் போயிற்று. பதினாறு தடவையும் அவள் முகம் சுண்டி ஒருவரும் பார்த்ததில்லை.

பதினேழாம் நம்பர் வந்த நாள் ஸ்ப்ரே அடிக்கிற கொட்டகையே கூடிவிட்டது. ஒரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டு ஓடியது, தகடு நனையவே இல்லை. "தாமரை இலைத் தண்ணியாட்டம் இருக்கே" என்றார் ஒருவர். ஸ்ப்ரே அக்கா டம்ளரை வாங்கி மறுபடி மறுபடி ஊற்றிப் பார்த்தாள். முகமூடி கழுத்தில் தொங்க, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "வாசனையே இல்லைங்க, மோந்து பாருங்க" என்று தகட்டைப் புருஷன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷத்திலேயே அவர் மனதுக்குள் பதினேழாம் நம்பருக்குத் தேர்ச்சி போட்டுவிட்டார். சோதிக்கிறவன் செய்யக்கூடாத வேலை அது. அவருக்கும் அது தெரியும்.

சோதனைக்கு மூன்று தகடு. இரண்டு சாதாரணத் தகடு, மூன்றாவது இரண்டு துண்டை வெல்டு வைத்து ஒட்டிய தகடு. ஏணியென்றால் வெல்டு இல்லாமல் ஏது? ஆயிரம் மணி நேரம் தாங்க வேண்டும், அதாவது நாற்பத்திரண்டு நாள். தாங்கினால் மஞ்சள் ஒழிந்தது. தாங்காவிட்டால் இன்னும் மூன்று வருடத்துக்கு மஞ்சளையே வாங்க ஒப்பந்தம் தயாராக இருக்கிறது என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இருபது நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. இருபத்தைந்தாம் நாள் காலை அவளுக்கு ரத்தம் வழக்கத்தைவிட அதிகம். கழுவுகிற தொட்டியில் குனிந்து வெகுநேரம் நின்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்கு வந்தார். வந்து பெட்டியின் மூடியைத் திறந்தார். முதல் தகடு சுத்தம், இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் வெல்டு ஓடிய கோட்டின் மேல் வரிசையாகக் கொப்புளம். ஒன்றைக் குச்சியால் அழுத்தினார். பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. இதை எழுதினால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. தொட்டியில் குனிந்து நின்ற முதுகு கண் முன்னால் இருந்தது. பதிவேட்டில் ஒரு விதி உண்டு. தகடு கை தவறி விழுந்து அடிபட்டால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், மீதி இரண்டு போதும். விழுந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி, எழுதுகிறவரின் கையெழுத்து மட்டுமே. அவர் பேனாவை எடுத்தார். 'மூன்றாம் தகடு: வெளியே எடுக்கும்போது கை தவறிக் கீழே விழுந்து சேதம். நீக்கப்பட்டது.' கையெழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதுதான் பின்னாளில் அவரை அதிகமாக உறுத்தியது.

டாக்டரம்மா படித்துப் பார்த்தாள். "நீங்களா போட்டீங்க?"

"கை வழுக்கிருச்சு, மேடம்."

"வெல்டு வச்சது ஒண்ணுதான இருந்துச்சு. இன்னொண்ணு போடலாமா?"

"இன்னொண்ணு போட்டா திரும்ப முதல்ல இருந்து நாப்பத்திரண்டு நாளு. மேனேஜர் அதுவரைக்கும் காத்திருப்பாரா?"

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். "விழும்போது வெல்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிதான்ணா" என்றவள், அவர் முகம் வெளுத்திருந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவ. இதுக்குப் போயி இப்படி உக்காந்திருக்கீங்களே" என்று ஆறுதல் வேறு சொன்னாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கழிவு இரும்புத் தொட்டியில் போட வேண்டிய தகடு அது. அவரால் போட முடியவில்லை. பழைய துணியில் சுற்றித் தன் லாக்கரின் அடியில், மழைக்கோட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். ஏன் வைத்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் பூசணிக்காயை வெட்ட மனசு வராதோ என்னவோ.

மீதி இரண்டு தகடும் ஆயிரம் மணி நேரம் தாங்கின, மஞ்சள் போயிற்று. இரண்டே மாதத்தில் அவள் மூக்கில் ரத்தம் நின்றது. இருமல் குறைந்தது. வேலை நேரத்தில் பாட்டு முணுமுணுக்கிறாள் என்று கொட்டகையில் சொன்னார்கள். வாய்க்கால் ஓரத்தில் பச்சையாக ஏதோ தலை நீட்டியது. எல்லாம் அவர் ஆசைப்பட்டபடிதான் நடந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது இருமலைவிட மோசமான நோய், வெளியே சத்தம் கேட்காது. அந்த வருடம் நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு முப்பத்தெட்டு ஏணி போயிருந்தது. லீவு நாளில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தொட்டியாகத் தேடிப் போவார். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். கீழ்ப் படிகள் பளபளவென்று இருக்கும். மேலே, தொட்டி வாயில் குளோரின் காற்றும் வழிகிற தண்ணீரும் படுகிற இடத்தில் எப்படி இருக்கிறது என்று கீழேயிருந்து தெரியாது. ஏறிப் பார்க்கலாமா என்று காவலாளியைக் கேட்கலாம். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். "நடந்து நடந்து இளைச்சுப் போயிட்டீங்க" என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள்.

பத்தொன்பதாம் மாதம் ஒரு தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர், ஏறும்போது படி ஒன்று வெல்டோடு பிடுங்கிக்கொண்டு வர, கீழே விழுந்தார். நடுவில் ஒரு மேடை இருந்ததால் உயிர் பிழைத்தது. குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது.

பிடுங்கிய படியைக் கொண்டுவந்து மேனேஜர் மேஜையில் வைத்தார்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பூச்சின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? தேர்ச்சி என்று உப்புக்காரரே எழுதியிருக்கிறார், அவர் எழுதினால் எழுதியதுதான். மீதி இருப்பது ஒரே காரணம்: அடித்தவர் வெல்டு மேல் சரியாக அடிக்கவில்லை. ஸ்ப்ரே அக்காவிடமிருந்து கன்னை வாங்கிக்கொண்டு, முடிவு சொல்லும்வரை சாமான் துடைக்கிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். சண்டை போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அந்த ஏணி அடிச்ச அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்" என்றாள். "ஞாபகம் இருக்கா? மத்தியானமே கிளம்பணும்னு அவசர அவசரமா அடிச்சேன். வெல்டு மூட்டு மேல ரெண்டாவது தடவ அடிக்காம விட்டுட்டேன் போல."

"நீயா? நீ அப்படியெல்லாம் விடமாட்ட."

"விட்டிருக்கேனே. இல்லேன்னா எப்படி உடையும்?"

இல்லாத ஒரு தப்பை, அவருடைய காய்ச்சலைக் கொண்டே அவள் தனக்குத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு அளவாக வேறு இருந்தது. அவர் வாயைத் திறந்தார். "சாப்பிடு" என்று மட்டும் வந்தது. அந்த நிமிஷத்தில் தன்னைப் போல ஒரு கோழை உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தார். நினைத்துவிட்டுச் சாப்பிடவும் செய்தார்.

நான்கு நாள் கழித்து வால்வுக்காரரைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். பழப் பையை அவள் தூக்கிக்கொள்ள, அவர் பின்னாலேயே போனார். ஒரே அறை, ஒரு ஓரத்தில் கட்டில், மாவுக்கட்டுப் போட்ட கால் தலையணை மேல். வால்வுக்காரர் வாய் ஓயாத மனிதர். "வாங்க, வாங்க. உக்காருங்க. நான் எழுந்து நின்னு வரவேற்கலாம்னு பாத்தேன், கால் லீவு போட்டிருக்கு" என்றார்.

ஸ்ப்ரே அக்கா உட்காரவில்லை. "அந்த ஏணிக்குப் பூச்சு அடிச்சது நான்தாங்க" என்றாள். "என் தப்புதான். மன்னிச்சுருங்க."

"வேணும்னேவா பண்ணுவ? போம்மா" என்றார் வால்வுக்காரர். "என் நேரம். குழாயில தண்ணி வரலேன்னு என்னை ஏசுறதுக்குத்தான் ஆளு உண்டு. மன்னிப்புக் கேக்குறதுக்கு வந்த முதல் ஆளு நீதான்."

"இப்ப யாருங்க தண்ணி திறக்கிறாங்க?" உப்புக்காரர் கேட்டார். அவர் அங்கே பேசிய முதல் வார்த்தை.

"என் மருமகன்தான். ஒரு படி புதுசா வச்சுக் குடுத்துட்டாங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஏறுறான். பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். அதான் வேலையை விட வேணாம்னு."

உப்புக்காரருக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அடித்தவள் தப்பு என்று முடித்துவிட்டதால் ஒரு படியோடு விஷயம் முடிந்தது. மீதிப் படிகளை யாரும் பார்க்கப் போவதில்லை, மீதி முப்பத்தேழு ஏணியை நினைக்கவே போவதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் எட்டாம் மாசத்துப் பெண்ணின் புருஷன் இரண்டு தடவை ஏறி இறங்குகிறான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழைய பேச்சு. இங்கே தின்றது இவர், தண்ணீர் குடிக்க வரிசையில் நிற்கிறவர்கள் வேறு யார் யாரோ.

வீட்டுக்கு வந்ததும் அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"உன் தப்பு இல்ல" என்றார்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"சொல்றதைக் கேளு. மூணாவது தகடு கீழ விழல."

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னார். தொட்டியில் குனிந்து நின்ற காலை, கொப்புளம், பேனா, லாக்கர், எதையும் விடவில்லை. நறுக்குகிற கை எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

"அந்தத் தகட்டுக்கும் நான்தான அடிச்சேன்?" என்றாள்.

"ஆமா."

"அதுல நல்லா அடிச்சிருந்தேனா?"

"நல்லாத்தான் அடிச்சிருந்த. ஒரு குறை சொல்ல முடியாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. அவருக்கு ஒரு நிமிஷம் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று தோன்றியது, மனுஷ ஆசைக்கு அளவேது. கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"நாலு நாளா நான் தூங்கலை. ஒருத்தர் காலை ஒடிச்சுட்டேன்னு தவிச்சேன். பக்கத்துல படுத்திருந்தீங்க."

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க." குரல் உயரவில்லை. "ரத்தம் வந்தது என் மூக்குல. இந்த வேலையே வேணாம்னு நான் போயிருப்பேன், முகமூடியைப் போட்டுக்கிட்டு நின்னிருப்பேன், என்னமோ பண்ணியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் பேரைச் சொல்லி இன்னொருத்தர் காலை வாங்கிட்டீங்க. அதுல எனக்கும் பங்கு வச்சுட்டீங்க."

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"நாளைக்கு எதுக்கு? அந்தப் பையன் சாயங்காலம் ஏறுவான்ல" என்று அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். மருமகனைத் தொட்டிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, உப்புக்காரர் கட்டிலருகே நின்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். வாய் ஓயாத வால்வுக்காரர், அவர்கள் வாங்கி வந்த பழப் பையை எடுத்து உப்புக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை துணியில் சுற்றிய தகட்டை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்க்கவே இல்லை, ஏற்கெனவே புரிந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்து வெல்டு கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள். பேனாக் கத்தியால் ஒரு கொப்புளத்தைச் சுரண்டினாள். கறுப்பாக ஒரு செதில் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது.

"பூச்சு தோத்துப் போகலைண்ணா" என்றாள் மெதுவாக. "வெல்டு வச்ச சூட்டுல இரும்பு மேல கருகின தோல் ஒண்ணு நிக்குது. பூச்சு அந்தத் தோலைப் பிடிச்சிருக்கு, தோல் இரும்பை விட்டுருச்சு. கம்பி பிரஷ் போட்டு அந்தக் கருகலை எடுத்துட்டு, ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னாடி மூட்டுல மட்டும் பிரஷ்ஷால ஒரு கை பூசியிருந்தா முடிஞ்சு போச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்னிக்கே இதைக் காட்டியிருந்தா கண்டுபிடிக்கப் பதினஞ்சு நாளு. மேனேஜர் காலைப் பிடிச்சாவது நாள் வாங்கியிருப்பேன். மஞ்சளும் போயிருக்கும், அவர் காலும் இருந்திருக்கும்."

அலமாரியைத் திறந்து தடித்த நோட்டை எடுத்தாள். பதினாறு கலவையும் எங்கே, எந்த மணியில், எப்படிப் போயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். அவர் காட்டிக் காட்டி எழுதியவைதான்.

"பதினாறு தோத்ததாலதான் பதினேழு வந்துச்சு. பதினேழு எங்க தோத்துச்சுங்கறதை மட்டும் எங்கிட்டயிருந்து மறைச்சுட்டீங்களேண்ணா."

அதற்குப் பிறகு மேனேஜர் கத்தியதும், விசாரணைக்கு வந்தவர்கள் எழுதி வாங்கியதும், பெட்டி அறையின் சாவியைத் திருப்பிக் கேட்டதும் அவருக்குப் பெரிதாக உறைக்கவில்லை. மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு லாக்கரைக் காலி செய்தார். ஸ்ப்ரே அக்காவிடம் கன்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு ஏணியையும் இறக்காமலே சரிசெய்ய ஒரு குழு போட்டார்கள், அவள் தலைமையில். வேலையை விட்டு நீக்காமல் உப்புக்காரரையும் அதில் போட்டது டாக்டரம்மா சொன்ன வார்த்தையால். துரு எங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது என்றாளாம். கம்பி பிரஷ்ஷும் சுத்தியலும் கொடுத்தார்கள். அவர் கருகலைத் தேய்க்க வேண்டியது, அவள் பின்னாலேயே பூசிக்கொண்டு வர வேண்டியது.

முதலில் போனது வால்வுக்காரரின் தொட்டிக்கு. வால்வுக்காரர் ஊன்றுகோலோடு வந்து கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார், மருமகன் பக்கத்தில். உப்புக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியையும் வெல்டு பக்கத்தில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். புதிதாக வைத்த படிக்கு நேர் மேலே இருந்த படியைத் தட்டியதும், இரண்டாவது தட்டிலேயே ஒரு முனை கழன்று தொங்கியது. இவர்கள் போய் நிறுத்தும்வரை அந்தப் பையன் காலையும் மாலையும் மிதித்த படி. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கீழே குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அங்கே அவளும் சேர்த்து மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படியை மாற்றி வைத்து, மீதி எல்லா மூட்டையும் தேய்த்துவிட்டு, மத்தியானம் இறங்கினார். கை இரண்டும் பழுப்பு. அவள் டப்பாவில் பூச்சைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வேண்டியதைத் தவிர இத்தனை நாளில் அவள் அவரிடம் வேறு பேசியதில்லை.

"எல்லா மூட்டும் சுத்தமா?" என்றாள்.

"சுத்தம். நல்லாப் பாத்துட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடமாக அவர் நல்லது என்று சொன்ன தகட்டை அவள் திருப்பிப் பார்த்தது கிடையாது. இப்போது பிரஷ்ஷையும் டப்பாவையும் கீழே வைத்தாள். அவர் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று, மூட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த படிக்குப் போனாள்.

அது சுவரில் பதித்த ஏணி, ஆடாது. அவர் கீழே நின்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.